எந்தச் சட்டப்படி?

சிலப்பதிகாரக் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்கு வந்த கோவலனை, பொற்கொல்லன் ஒருவன் கள்வன் என்று அரசனிடம் காட்டிக் கொடுத்தான். பாண்டியன் நெடுஞ்செழியன் அச்சமயம் ஊடல் கொண்டிருந்த தேவியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருந்தான். நின்று விசாரிக்க அவனுக்கு அவகாசமில்லை. காவலரை அழைத்தான்; கட்டளையிட்டான்; மேலே நடந்தான். கோவலன் வெட்டுண்டான். பிறகு கண்ணகி வந்து மற்றொரு சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பிலே முத்துப் பரல். இங்கே தெறித்ததோ மாணிக்கம். தன் பிழையை உணர்ந்த அரசன் அரியணையிலேயே உயிர் நீத்தான்.

இதைக் கற்பின் பெருமை கூறும் கதையாகவும், ஊழ்வினையின் வலிமை கூறும் கதையாகவும் நாம் படித்திருக்கிறோம். அரசியலையும் சட்டத்தையும் பற்றி முதற் பாடம் கற்க விரும்புகிறவர்களுக்கும் இது நல்ல பாடம். பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பிழை செய்தோம் என்று அறிந்ததும் உயிரையே விட்டவன் அவன். களவைத் தண்டிக்கும் சட்டமும் அவன் நாட்டில் இருந்தது. அப்படியானால் அங்கே இல்லாதது என்ன? வாள் ஓங்கப்படுவதற்கு முன்னால், "இவனை எந்தச் சட்டப்படி, எந்தச் சாட்சியத்தின் பேரில் பிடித்தீர்கள்?" என்று கேட்பதற்கு ஓர் இடம் இல்லை. கண்ணகி கேட்டாள், வென்றாள். ஆனால் கேள்வி பிறந்தபோது கோவலன் உயிருடன் இல்லை.

அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்பதற்கு இன்று ஒரு வழி உண்டு. வக்கீல்கள் அதை 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பார்கள். தமிழிலே ஆட்கொணர்வு மனு. பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல்தான். ஆயினும் நம் வீட்டிற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். சம்பந்தம் எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

உடலைக் கொண்டு வா

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பது லத்தீன் மொழி. 'உடல் உன் வசம் இருக்கட்டும். அதை எம்முன் கொண்டு வா' என்பது அதன் கருத்து. ஒருவனைப் பிடித்து வைத்திருப்பவர் போலீஸ் அதிகாரியாயினும், சிறை அதிகாரியாயினும், தனி மனிதராயினும், நீதிமன்றம் அவரைப் பார்த்து இட்ட கட்டளை அது. ஆளைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். எந்த அதிகாரத்தால் பிடித்து வைத்திருக்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் சட்டத்துக்கு ஒவ்வாவிட்டால், கைதி அங்கேயே விடுதலை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிபட்டவன் நல்லவனா, கெட்டவனா என்று இந்த மனு கேட்பதில்லை. அதற்கு வேறு விசாரணை உண்டு. பிடித்தவர் சட்டப்படி நடந்தாரா என்பது ஒன்றுதான் இங்கே கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவன் நின்ற இடத்தில், அந்த நேரத்துக்குச் சர்க்கார் வந்து நிற்கிறது.

இங்கிலாந்திலே 1215-ல் ஜான் மன்னனை அவனுடைய பிரபுக்கள் ரன்னிமீட் என்ற புல்வெளியில் வளைத்துக்கொண்டு, மாக்னா கார்ட்டா என்னும் சாசனத்தை வாங்கினார்கள். நாட்டுச் சட்டப்படியன்றிச் சுதந்திர மனிதன் எவனையும் சிறையிடுவதில்லை என்று அதிலே மன்னன் உறுதி கூறினான். உறுதி கூறுவது எளிது; அதை நிறைவேற்றும் கருவி வேண்டுமே! நூற்றாண்டுகளாக நீதிமன்றங்களிலே வளர்ந்து வந்த ஆட்கொணர்வுக் கட்டளைதான் அந்தக் கருவி. 1679-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் இயற்றி அதற்கு வலிமை தந்தது.

மூன்று கைகள்

கோயில் தர்மகர்த்தா ஒருவரே பணத்தை வசூலித்து, அவரே செலவழித்து, அவரே கணக்கையும் தணிக்கை செய்து 'எல்லாம் சரி' என்று கையெழுத்திட்டால் ஊரார் ஒப்புவார்களா? அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனாலும் ஒப்பமாட்டார்கள். ராஜ்ய காரியத்திலும் இதே நியாயந்தான். சட்டம் செய்வது ஒரு கை. அதை நடத்துவது ஒரு கை. சரியாக நடந்ததா என்று பார்ப்பது மூன்றாவது கை. சட்டசபை, நிர்வாகம், நீதிமன்றம் என்று இவற்றைப் பிரித்து வைத்திருப்பது அழகுக்காக அன்று. மூன்றும் பாண்டியனிடத்தில் ஒரே கையாக இருந்தன. அந்தக் கை அவசரப்பட்டபோது தடுக்க மற்றொரு கை இல்லை.

சட்டம் இருப்பது வேறு. சட்டத்தின் ஆட்சி வேறு. சட்டம் எல்லா அரசாங்கத்திலும் உண்டு. கொடுங்கோலனும் சட்டம் போடுவான். பிரஜை சட்டத்துக்குக் கட்டுப்படுவது போலச் சர்க்காரும் கட்டுப்பட்டால்தான் அது சட்டத்தின் ஆட்சி.

அன்னியர் காலத்தில்

பிரிட்டிஷார் தங்கள் தேசத்திலே போற்றிய இந்தச் சுதந்திரத்தை இங்கே கொண்டு வந்தபோது, பாதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். 1818-ம் வருஷத்து வங்காள ரெகுலேஷன் ஒன்றின்படி, குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி ஒருவரைக் காவலில் வைக்கலாம். 1907-ல் பஞ்சாப் சிங்கம் லாலா லஜபதி ராயை மாண்டலேக்கு நாடு கடத்தியது அந்தப் பழைய ரெகுலேஷனைக் கொண்டுதான். என்ன குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை.

இப்படிப் பிடித்து வைப்பதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர். செய்த குற்றத்துக்குத் தண்டனை அன்று. இனிமேல் செய்யக்கூடும் என்ற சந்தேகத்துக்குச் சிறை.

1919-ல் ரௌலட் சட்டம் வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் யுத்த காலத்து அதிகாரங்களைக் கைவிட மனமில்லாத சர்க்கார், இந்தியப் பிரதிநிதிகள் எதிர்த்து நின்றும் அதை நிறைவேற்றியது. ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரியார் சட்டசபையிலே அதைக் கண்டித்துச் செய்த பிரசங்கம் பிரசித்தமானது. 'வக்கீலும் இல்லை, வாதமும் இல்லை, அப்பீலும் இல்லை' என்று ஜனங்கள் அச்சட்டத்துக்குச் சுருக்கமாக வியாக்கியானம் செய்தார்கள். நாடெங்கும் ஹர்த்தால் அனுஷ்டிக்கலாம் என்ற எண்ணம் காந்தியடிகளுக்குத் தோன்றியது, நம் சென்னையிலே ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான். ஏப்ரல் 6-ந் தேதி ஹர்த்தால் நடந்தது. ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன் வாலாபாக்.

இரண்டாவது மகா யுத்தத்தின்போது மற்றொரு வேடிக்கை நடந்தது. 1943-ல் கேசவ தல்பதே என்பவரின் வழக்கிலே, பாதுகாப்பு விதிகளின் 26-வது விதி செல்லாது என்று ஃபெடரல் கோர்ட்டுப் பிரதம நீதிபதி ஸர் மாரிஸ் குவையர் தீர்ப்புச் சொன்னார். ஆயிரக் கணக்கான தேசபக்தர்கள் அந்த விதியின் கீழ்ச் சிறையிலிருந்த காலம் அது. சர்க்கார் என்ன செய்தது? கைதிகளை விடவில்லை. ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்து, விதி ஆரம்பத்திலிருந்தே செல்லும் என்று ஆக்கிவிட்டது! நீதிபதி தைரியசாலியாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கிற்று. சட்டம் செய்கிறவர்களும் மீற முடியாத மேலான சட்டம் ஒன்று வேண்டும். அதற்குத்தான் அரசியல் சட்டம் என்று பெயர்.

நம் கையாலேயே

சுதந்திரம் வந்தது. சிறையிலிருந்து வந்தவர்களே அரசியல் நிர்ணய சபையிலே உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். அவர்கள் எழுதிய சட்டத்திலே தடுப்புக் காவலுக்கு இடம் இராது என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு.

உரிய நியாயமான முறையின்றி ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்ற அமெரிக்க வாசகந்தான் முதலில் பரிசீலனையில் இருந்தது. சபையின் ஆலோசகர் பி. என். ராவ் 1947-ல் அமெரிக்கா சென்று, அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டு பேசினார். ஜனப் பிரதிநிதிகள் செய்யும் சட்டத்தை ஒரு சில நீதிபதிகள் தள்ளுவதற்கு அந்த வாசகம் இடங்கொடுக்கும் என்று அவர் எச்சரித்தார். அதன் பிறகு வாசகம் மாறியது. 'சட்டத்தினால் நிறுவப்பட்ட முறைப்படி' என்றாயிற்று. சென்னையின் மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இந்த மாறுதலை ஆதரித்தார். வேறு பலருக்குத் திருப்தி இல்லை. சட்டசபை எந்த முறையைச் சட்டமாக்கினாலும் அதுவே போதும் என்று ஆகிவிடாதா என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யவே டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் மற்றொரு ஷரத்தைக் கொண்டு வந்தார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்றைய 22-வது ஷரத்து இதுதான். ஆனால் அதே ஷரத்துத் தடுப்புக் காவலையும் அனுமதித்து, அதற்குச் சில வரம்புகளை மட்டும் விதித்தது.

1950 ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் பார்லிமெண்ட் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தவர். மார்ச் 1-ந் தேதி புதிய சட்டத்தின் கீழ் அவருக்கு உத்தரவு கொடுக்கப்பட்டது. அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்துகொண்டார். அவருக்காக வக்கீல் எம். கே. நம்பியார் வாதாடினார். ஒரு முறையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா, அந்த முறை நியாயமாகவும் இருக்க வேண்டாமா என்பதுதான் வாதத்தின் சாரம்.

மே 19-ந் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையோர், சட்டம் என்றால் சட்டசபை இயற்றிய சட்டமே என்று கூறி மனுவைத் தள்ளினார்கள். நீதிபதி பஸல் அலி மட்டும் அந்த அடிப்படைக் கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் ஆறு பேரும் ஒன்றுபட்டார்கள். காவலுக்கான காரணங்களைக் கோர்ட்டாரிடங்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்த 14-வது பிரிவு செல்லாது என்றார்கள். கோபாலன் தோற்றார், ஆனால் காரணத்தை மறைக்க முடியாது என்பது நிலைத்தது. 1952 தேர்தலில் அவர் லோக சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பழைய எஜமானர்களின் ஆயுதத்தை நாமே எடுத்து வைத்துக்கொண்டோம் என்பதைத் தேசபக்தியின் பெயரால் மறைப்பதில் பயனில்லை. நாட்டின் ஒற்றுமையைக் காக்க வேண்டும் என்ற கவலை அன்றைய தலைவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. தேசம் பிளவுண்டு ரத்தம் சிந்திய காலம் அது. ஆனால் ஆயுதத்துக்கு யார் கையில் இருக்கிறோம் என்று தெரியாது.

கதவு அடைபட்ட காலம்

1975 ஜூன் 25-ந் தேதி இரவு அவசர நிலை பிரகடனமாயிற்று. இரண்டு நாளில் ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வெளிவந்தது: உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது ஷரத்து முதலியவற்றின் பேரில் யாரும் கோர்ட்டை அணுக முடியாது. ஒன்பது ஐகோர்ட்டுகள், அப்படியானாலும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றே கூறின. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதுதான் ஜபல்பூர் வழக்கு.

வாதத்தின் நடுவே நீதிபதி எச். ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலை ஒன்று கேட்டார். போலீஸ் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையினால் ஒருவனைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டா? தம் வாதத்தின்படி, அவசர நிலை நீடிக்கும்வரை பரிகாரம் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் பதில் சொன்னார். இருபதாம் நூற்றாண்டிலே, சுதந்திர நாட்டின் உன்னத நீதிமன்றத்திலே, கோவலனுக்குக் கிடைத்த பதில் அதுவே! 1976 ஏப்ரல் 28-ந் தேதி ஐந்து நீதிபதிகளில் நால்வர் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவரே மாறுபட்டு எழுதினார். அடுத்த ஜனவரியில் பிரதம நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போயிற்று. அவர் ராஜினாமாச் செய்தார்.

கதவு அடைபட்டபோது வெளியே என்ன நடந்தது என்பதற்கு நம் அண்டை நாடாகிய கேரளத்தைப் பார்ப்போம். கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1-ந் தேதி போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டார். தந்தை ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். மகன் எங்கே என்று அதிகாரிகளையும் மந்திரிகளையும் அவர் ஓராண்டுக் காலம் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. கேட்பதற்குக் கோர்ட்டும் இல்லை.

1977 மார்ச்சில் அவசர நிலை நீங்கியது. அந்த மாதமே அவர் கேரள ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது. பிடித்துச் சென்றதைக் கண்ணால் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். ஐகோர்ட், பிடித்தது உண்மையே, ஆளைக் கொண்டு வந்து நிறுத்துங்கள் என்று கட்டளையிட்டது. நிறுத்துவதற்கு ஆள் இல்லை. கக்கயம் போலீஸ் முகாமிலே ஓராண்டுக்கு முன்பே ராஜன் இறந்துவிட்டார் என்ற உண்மை அப்போதுதான் வெளிவந்தது. அவசர நிலையின்போது உள்நாட்டு மந்திரியாக இருந்து, அப்போது முதல் மந்திரியாகியிருந்த கே. கருணாகரன் ஏப்ரல் மாதமே பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கிடைக்கவில்லை. 'உடலைக் கொண்டு வா' என்ற சொற்களின் பொருளை அந்தத் தந்தையைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பழுது பார்த்தல்

அடிபட்ட பிறகு நாடு சில பாடங்களைக் கற்றுக்கொண்டது. 1978 ஜனவரியில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பற்றிய வழக்கிலே, சட்டம் வகுக்கும் முறை நேர்மையாகவும் நியாயமாகவும் அறிவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன் கோபாலனுக்காகச் சொல்லித் தோற்ற வாதம் இவ்வாறு வென்றது. அதே வருஷத்து 44-வது திருத்தம், அவசர நிலையிலும் 21-வது ஷரத்தை நிறுத்தி வைக்க முடியாது என்று செய்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, ஜபல்பூர் தீர்ப்புப் பிழை என்று வெளிப்படையாகத் தள்ளியது. அப்படி எழுதியவர்களில் ஒருவர் டி. ஒய். சந்திரசூட், பழைய நால்வரில் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டின் புதல்வர்.

தடுப்புக் காவல் மட்டும் ஒழியவில்லை. 1980-ம் வருஷத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று ஜனங்கள் வழங்கும் 1982-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இவற்றின் கீழ் விசாரணையின்றி ஒரு வருஷம் வரை காவலில் வைக்கலாம்.

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மனுவைக் கைதியே போட வேண்டும் என்பதில்லை. தாயோ, மனைவியோ, நண்பரோ போடலாம். ஐகோர்ட்டிலும் போடலாம், நேரே சுப்ரீம் கோர்ட்டிலும் போடலாம். திஹார் சிறையிலிருந்து சுனில் பாத்ரா என்ற கைதி மற்றொரு கைதியின் துயரத்தைப் பற்றி எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட் மனுவாக ஏற்றதுண்டு. வக்கீலை அமர்த்த வசதியில்லாதவர்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்குக் காரணங்களும் ஆதாரப் பத்திரங்களும் அவருக்குத் தெரிந்த மொழியிலே தரப்பட வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவர் கையில் இங்கிலீஷ்க் காகிதத்தைத் திணித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. அப்படிச் செய்ததனாலேயே பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

'எழுத்துப் பிழைக்காகவும் மொழிபெயர்ப்புக் குறைக்காகவும் குற்றவாளிகளை விடுகிறார்களே!' என்று நம்மிலே சிலர் சலித்துக்கொள்வதுண்டு. நமக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் அந்தச் சிறு சிறு விதிகளெல்லாம் பாண்டியனை வழியிலே நிறுத்துவதற்கான தடைகள். குற்றம் செய்தவனைத் தண்டிக்க விசாரணையும் சாட்சியமும் தீர்ப்பும் இருக்கின்றன. அவற்றுக்குச் சிரமப்பட மனமின்றிக் குறுக்கு வழியை நாடுவதைத்தான் இவ்விதிகள் தடுக்கின்றன.

நாளை நம் தெருவிலே யாரையாவது பிடித்துச் சென்றார்கள் என்று கேள்விப்பட்டால், 'அவன் எப்படிப்பட்டவன்?' என்று கேட்பதுதான் நம் வழக்கம். அதற்கு முன்னே, 'எந்தச் சட்டப்படி பிடித்தார்கள்? எங்கே வைத்திருக்கிறார்கள்? மாஜிஸ்திரேட் முன் கொண்டு போனார்களா?' என்று கேட்கப் பழகுவோமாக. நம் குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுப்போம். பிடிபட்டவன் நமக்குப் பிடிக்காதவனாக இருக்கலாம். நாம் வெறுக்கும் கட்சிக்காரனாகக்கூட இருக்கலாம். கோவலனும் மதுரைக்கு அன்னியன்தான். அவனுக்காக அந்நகரத்திலே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், கண்ணகி தன் கணவனை உயிருடன் அழைத்துக்கொண்டு போயிருப்பாள், மதுரையும் எரிந்திராது.